ஓரத்தைப் பார்க்கச் சொன்ன வாத்தியார்

பொய் என்ற ஒன்று இந்தப் பூமியிலிருந்து ஒழிந்தது போன வியாழக்கிழமை, சாயங்காலம் மூணே முக்காலுக்கு, திருச்செங்கோட்டு ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் நம்பர் அறையில். ஒழித்தவர் கந்தவேல் வாத்தியார். உங்கள் ஊரில் இன்னும் பொய் புழங்குகிறது என்றால், சேதி வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் மின்பாடம் தயாரிக்கும் வாத்தியார் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களுடைய தலைப்பு சாதாரணமாக வந்து நிற்காது. ஒவ்வொரு எழுத்தாக இடது மூலையிலிருந்து பறந்து வந்து, ரெண்டு குட்டிக்கரணம் போட்டு, மினுமினுத்து, கைதட்டல் சத்தத்தோடு உட்காரும். அது உட்காருவதற்குள் முதல் பெஞ்சு கொட்டாவி விட்டு முடித்திருக்கும், கடைசி பெஞ்சு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கும். தலைப்பு என்ன? ‘ஊடக விழிப்பு.’ அவ்வளவுதான்.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கந்தவேல் வாத்தியாரின் போட்டோ இருக்கும். கல்யாணப் பந்தியில் ரசம் வர வேண்டுமென்றாலும், “அடுத்த சிலைடுக்குப் போலாமுங்களா?” என்றுதான் கேட்பார். ஊட்டில் டீவி ஓடினால் மனைவி மஞ்சுளாவுக்கும் பாடம்தான்.

“படத்த நம்பாத. படத்தோட ஓரத்தப் பாரு. பொய் சொல்றவன் நடுவுல கெட்டிக்காரன், ஓரத்துல கோட்டை விட்டுருவான்.”

மஞ்சுளா ஓரத்தைப் பார்ப்பார். “ஓரத்துல மணி எட்டுன்னு போட்டிருக்குதுங்க. பஸ்ஸு போயிரும்.”

இப்பேர்ப்பட்ட பாடம் எதற்காக? முட்டைக்காக. நசுக்கினால் ரப்பர் மாதிரித் துள்ளும் பிளாஸ்டிக் முட்டை என்று ஒரு வீடியோ சுற்றியது. நாலு பக்கமும் கோழிப்பண்ணை, கோழி கத்தித்தான் பொழுதே விடியும், அந்த ஊர் அதை நம்பியது. பள்ளி வாசலில் அவித்த முட்டையும் ஆம்லெட்டும் விற்கும் அங்கம்மாளின் வண்டியில் பத்து நாளாய் ஈ மட்டும்தான் கிராக்கி.

“ஏனுங்க வாத்தியாரே, நாலு அட்டை முட்டை அப்படியே கெடக்குதுங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா வண்டிய வித்துப்போட்டு மில்லு வேலைக்குத்தான் போகோணும்.”

“கவலைய உடுங்கக்கா. நாப்பதே நிமிசம். ஊரே மொய்க்கும்.”

மூணு வாரம் எடுக்கும் பாடத்தை மூணே நாளில் செய்தார். திரையில் பத்து செய்திகள். ஒவ்வொன்றின் கீழும் ‘உண்மை’, ‘பொய்’ என்று ரெண்டு பொத்தான். சரியாக அமுக்கினால் நாதஸ்வரம். தப்பாக அமுக்கினால் கழுதை. அந்தக் குரலை நிஜக் கழுதையிடமே போய்ப் பதிவு செய்தார். பாடத்தில் பொய்க்கு இடம் கொடுக்கலாமா?

ஒரு பக்கம் முடிந்ததும் அதையே காப்பி எடுத்து, படத்தை மட்டும் மாற்றுவார். பொத்தானை எதற்குத் தொடுவானேன்? எல்லாம் முடிந்தபின் நாலு தடவை ஓட்டிச் சரிபார்த்தார். எதை? தன் போட்டோ தெளிவாக இருக்கிறதா என்பதை.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் அறைக்கு வெளியிலும் நின்றது. ஒன்பது செய்திக்கும் நாதஸ்வரம். ஒன்பதும் உண்மைச் செய்தி. ஒன்பதாவதைக் காப்பி எடுத்துச் செய்ததுதான் பத்தாவது, பிளாஸ்டிக் முட்டை.

“அக்கா, நீங்களே வந்து அமுக்குங்க.”

அங்கம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ‘பொய்’யை அமுக்கினார்.

கழுதை.

இன்னொரு தரம் அமுக்கினார். மறுபடியும் கழுதை. சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் பறந்து வந்து, குட்டிக்கரணம் போட்டு, அறிவித்தன: ‘தவறு! இது உண்மைச் செய்தி!’

“அப்ப பிளாஸ்டிக்கேதானா?” என்றார் லாரி ஓட்டும் சென்றாயன். “கம்ப்யூட்டரே சொல்லுதேப்பா!”

கந்தவேலுக்குக் காது சூடேறியது. “இல்லீங்க... அது காப்பி பண்ணறப்ப... பொத்தான்...” யார் கேட்டார்கள்? கூட்டமே சிரித்துக் கலைந்தது. அங்கம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே, தப்பு தன் விரலுடையதுதான் போல, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் அந்தக் காட்சி எல்லார் போனிலும் வந்துவிட்டது: ‘பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டது!’

மறுநாள் காலை வாத்தியார் லேப்டாப்பைத் தொடவில்லை. நேராக முட்டை வண்டிக்கு வந்தார், ஸ்டூலைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார், தின்ன ஆரம்பித்தார். கைதட்டல் இல்லை, குட்டிக்கரணம் இல்லை. அஞ்சாவது முட்டைக்கு லாரி ஒன்று நின்றது.

“சார், ஒடம்புக்கு ஒண்ணும் ஆகலீங்களா?” என்றார் சென்றாயன்.

“ஏப்பம் வருது. உக்காருங்க.”

மத்தியானத்துக்குள் ஒரு அட்டை காலி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊருக்கெல்லாம் ‘சரிபார், சரிபார்’ என்று சொல்லிவிட்டு, தான் செய்ததை மட்டும் திருப்பிப் பார்க்காத ஆள் உங்கள் ஊட்டில் யாருமில்லையா? முகம் கழுவும்போது கண்ணாடியில் எதற்கும் ஒருதரம் பாருங்கள். அந்தக் கழுதை வீடியோவை எடுத்துப் பரப்பியவன் மட்டும் யாரென்று தெரியவில்லை. எவனோ வெளியூர்க்காரன்.

இப்படி எழுதி முடித்துவிட்டு, அடுத்த நாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வண்டிப் பக்கம் போனேன். வாத்தியார் முட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

“ஏன்டா இனியா, வலது செருப்புக்கு இன்னும் ஊக்குதானா?”

போனை நீட்டினார். நடுவில் அங்கம்மாள், சிவப்பு எழுத்து, கழுதைச் சத்தம். எடுத்தவன் கை சிரிப்பில் தாழ்ந்த இடத்தில், கீழ் ஓரமாக, ஊக்குக் குத்திய ஒரு செருப்பு.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஊக்கு தாங்காது.

“உக்காரு,” என்றார். “அக்கா, தம்பிக்கு ரெண்டு முட்டை. மொளகு தூக்கலா.” அங்கம்மாள் உரித்து வைத்தார். வாத்தியார் போன் கேமராவை என் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“நடுவுக்கு வா கண்ணு. ஓரத்துல நின்னது போதும்.”