வீடு பார்க்கிறவர்

வீடு வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: வீடு பார்க்கிறவர்கள். இவர்கள் வாங்க மாட்டார்கள். வாங்க மாட்டேன் என்று வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். தெரியாத்தனமாக இவர்களிடம் மாட்டும் தரகருக்குச் செருப்புத்தான் தேயும்.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர். குற்றம் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனதும், வீடு வாங்கப்போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, தரையில் கோலிக்குண்டை உருட்டி, அது ஓடுகிற பக்கமெல்லாம் தவழ்ந்து போய், கட்டிலுக்கடியிலிருந்து தலை நிறைய ஒட்டடையோடு வெளிப்படுவார். அப்புறம் தீர்ப்பு.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் வரும். ஒரு வீட்டில் வெளிச்சம் போதாது. அடுத்ததில் கண் கூசுகிறது. ஏறும்போது சரியாக இருந்த மாடிப்படி, இறங்கும்போது செங்குத்தாக இருக்கிறதாம். தரகர் என்ன செய்வார், பாவம்? படியைத் திருப்பியா வைக்க முடியும்?

இதில் நிஜமாகவே வதைபட்டவர் அவர் மனைவி. குடியிருந்த வாடகை வீட்டில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். மழை வந்தால் படுக்கையறையில் வாளி வைக்க வேண்டும். "நாளைக்கே நல்ல வீடு அமைஞ்சுடும்" என்று கணவர் சொன்னதை நம்பிக் கட்டிவைத்த பாத்திரங்கள், வருடக்கணக்காக அட்டைப்பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்தின.

ஒருநாள் தரகர் ஒரு சின்ன வீட்டைக் காட்டினார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், நல்ல காற்று. நம்மவர் தட்டினார், உருட்டினார், தவழ்ந்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா, இவ்வளவு நல்லா இருக்கே, அதுதான் இடிக்குது. வா, போகலாம்."

மனைவி சமையலறையில் வீட்டுக்காரம்மாவின் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்க. நான் வரல."

"எங்க வரல?"

"எங்கயும் வரல. இங்கயேதான் இருக்கப்போறேன்."

"இது அடுத்தவங்க வீடு!"

"வாங்கிட்டா நம்ம வீடு."

வீட்டுக்காரம்மாவாவது தடுத்திருக்கலாம். அவரோ, "இருக்கட்டுமே, எனக்கும் பேச்சுத்துணையாச்சு" என்று, நறுக்குவதற்கு வெங்காயத்தை எடுத்து நீட்டிவிட்டார்!

நம்மவர் தனியாக வீடு திரும்பினார். அன்றிரவு பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே தரகரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மனைவியைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல ரோஷம் விடுமா? வீட்டை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். தரகரும் வழக்கம்போல, "இது ஹால். இது படுக்கையறை. இது சமையலறை" என்று காட்டிக்கொண்டே வந்து, "இவங்க உங்க வீட்டம்மா" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். நம்மவரின் சட்டை கசங்கியிருந்தது. தலைமுடி இன்னும் ஈரம்.

"ராத்திரி வாளி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"சரியான இடத்துலதான் வெச்சேன்... நான்தான் தப்பான இடத்துல படுத்துட்டேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு தட்டை எடுத்து வைத்தார். நம்மவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு, தரகரின் பக்கம் திரும்பாமலே, "சரி, முடிச்சுடலாம்" என்றார்.

"எதை சார்?" என்றார் தரகர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் காலியாக இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரம்மாதான் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தார்.

இப்போது அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். சௌக்கியமாகவே இருக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் நம்மவரைப் பார்த்துச் சிரித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். 'அவ்வளவு நல்ல வீட்டை அந்த அம்மாள் எதற்காக விற்றாள்?' என்று நடுவில் எங்கேயாவது ஒரு சந்தேகம் தட்டியதா? தட்டியிருந்தால், தெருவில் உங்களைக் கண்டதும் தரகர்கள் ஏன் சந்துக்குள் புகுந்துகொள்கிறார்கள் என்று இனி நீங்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.