உளவியலுக்கு ஒரு சாம்பிள்

போடியில் ஏலக்காய் வாசம் வராத வீடுகூட ஒன்றிரண்டு இருக்கலாம். சாம்பிள் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத கடைக்காரர் ஒருவர்கூட இருக்க முடியாது. எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு என் ரத்தக் கொதிப்பை வளர்த்த புண்ணியவான் அவர். அவருடைய அசல் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அவர் ஏலக்காய் புரோக்கர். ஏல மண்டபத்தில் விற்க வரும் ஒவ்வொரு லாட் சரக்குக்கும் ஒரு தட்டில் சாம்பிள் வரும். ஒரு கை அள்ளி, நிறம் பார்த்து, நசுக்கி, முகர்ந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் வீசிவிடுவார்கள். அங்கே அது வழக்கம். கடைசியில் கூட்டி அள்ளிக்கொள்ள ஆள் இருக்கிறது. இந்த மனிதர் அந்த வழக்கத்தை மண்டபத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் வேலையே இல்லை. முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தபோது வறுத்த கடலை கொடுத்தேன். அள்ளினார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார், மிச்சத்தை நான் அப்போதுதான் துடைத்திருந்த தரையில் வீசினார். "கடலை பழசு தாயி" என்று தீர்ப்பும் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது என் கோபம்.

சாம்பிள் பார்க்காமல் அவர் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. சலூனில் மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் கத்தரிக்கச் சொல்லி, கண்ணாடியில் பார்த்து, பிடிக்காமல், மறுபக்கத்தை வேறு கடையில் போய் வெட்டிக்கொண்டவர். போடிமெட்டு ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் டிரைவரைத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டச் சொல்வார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு அவரைச் சபித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்டவரிடம் போய் என் மகள் கயல்விழி தன் படிப்பைப் பற்றி வாயை விட்டுவிட்டாள். பிளஸ் டூ முடிந்த கோடை அது. அவளுக்கு உளவியல்தான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். என் கணவர் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், சனிக்கிழமைதான் கீழே இறங்குவார். எங்களுக்கென்று இருக்கும் கொஞ்சத் தோட்டத்துக் காயை விற்றுத் தருவது சாம்பிள் அண்ணன் என்பதால், அவர் சொல்வதுதான் என் வீட்டில் சட்டம். 'பைத்தியத்துக்குப் படிக்கிற படிப்பா' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மகள் பிடிக்காத ஏதாவது ஒரு வகுப்பில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு, கல்யாணத்துக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

அண்ணனோ ஆனந்தப்பட்டார்.

"எல்லாரும் கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு ஓடுறப்ப, ஒரு பொம்பளப்புள்ள இதப் படிக்கணும்னு சொல்லுது பாரு," என்றார். "பூச்சி விழுந்தா என்ன செய்யணும்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல தாயி. மருந்துக்கடைக்காரன் எதக் குடுத்தாலும் நம்பிக்கிட்டு இருக்கான்."

மனதில் விழும் பூச்சியைத்தான் சொல்கிறார் என்று நான் உருகிப்போனேன். அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். தெருவே பாராட்டியது. சிலமலையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், படித்து முடித்ததும் தன் தோட்டத்துக்கும் ஓர் எட்டு வந்து பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டுப் போனார். தோட்டத்தில் யாருக்கு என்ன மனக்கஷ்டமோ என்று நான் இரக்கப்பட்டேன். எங்கள் தெருவுக்கு இவ்வளவு ஞானமா என்று பூரித்தும் கிடந்தேன்.

கல்லூரி பார்க்கக் கிளம்பிய அன்று அண்ணன் ஜீப்போடு வாசலில் நின்றார். அவரைக் கூப்பிட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதுரை போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, மேஜை மேல் ஒரு தட்டில் முந்திரி. டை கட்டிய பையன் ஒருவன் கயலிடம் மட்டும் இங்கிலீஷில் பேசினான். ஃபீஸைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு வந்தான், குரலையும் தாழ்த்திக்கொண்டான். எங்கள் தோட்டத்தை விற்றாலும் கடைசி வருடத்துக்குப் பற்றாது. லோன் வாங்கிக்கொள்ளலாம் மேடம் என்று சிரித்தான் பாருங்கள், அவனை நாலு அறை விடலாமா என்று இருந்தது எனக்கு.

அண்ணன் சாம்பிள் காட்டச் சொன்னார். பையன் வீடியோ போட்டான். பிள்ளைகள் புல்தரையில் சிரித்தார்கள், கறுப்புத் தொப்பியை மேலே வீசினார்கள். இதில் வாத்தியார் எங்கே என்று அண்ணன் கேட்டார். சரி, லேப் பார்க்கலாம் என்று பையன் மாடிக்குக் கூட்டிப் போனான். வாசலில் 'உளவியல் ஆய்வகம்' என்று இங்கிலீஷில் பளபளவென்று போர்டு. கதவைத் திறந்தால் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மாகோல் அன்னமும்தான் இருந்தன.

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். "தம்பி, மண்ணு எங்க?"

எந்த மண் என்று பையன் விழித்தான்.

"ஒரு பிடி மண்ணு இல்லாம, ஒரு வெதை இல்லாம, என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் வாயில் ழகரத்துக்கு இடம் கிடையாது. மழை எங்களுக்கு மளை, வாழைப்பழம் வாளப்பளம். உழவும் உளவுதான். கயல் உளவியல் என்றதை அண்ணன் உழவியல், அதாவது உழவுப் படிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பூச்சி, ஏலச்செடியில் விழுகிற பூச்சி. அந்த மருந்துக்கடை, தெளிப்பு மருந்து விற்கிற கடை. தெரு பாராட்டியதும் அந்தப் படிப்பைத்தான்.

பையன், "சார், இது உளவியல்" என்றான். "அதத்தான நானும் சொல்றேன், உளவியலு" என்றார் அண்ணன். "அந்த உளவியல் இல்ல சார், இந்த உளவியல்" என்றான் பையன். அவனும் தேனிப் பக்கம்தான் போலிருக்கிறது. இருவரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லி முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கயல்தான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மனசைப் பற்றிப் படிப்பது என்று சொன்னாள்.

அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் அந்த அறையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "சரி, மனசுன்னே இருக்கட்டும். அதச் சொல்லிக் குடுக்க ஆளு யாரு?" என்றார். இனிமேல்தான் போடுவார்களாம், அதுவரை இங்கிலீஷ் மேடம் பார்த்துக்கொள்வார்களாம். கீழே இறங்கி வந்தவர் முந்திரியில் ஒரு கை அள்ளினார், முகர்ந்தார், ஒன்றைக்கூட வாயில் போடாமல் அவ்வளவையும் கிரானைட் தரையில் வீசினார். ஏல மண்டபத்தில் ஒரு லாட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அவர் தரையில் வீசியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் அவரே உண்மையை உடைத்துவிட்டார். பாராட்டிய தெரு அப்படியே பிளேட்டைத் திருப்பிப் போட்டது. என் கொழுந்தனார் வேலை மெனக்கெட்டு வந்து, பைத்தியங்களோடு போய் உட்காரவா பெண்ணை வளர்த்தோம் என்று கத்திவிட்டுப் போனார். மதுரையில் ஒரு பழைய கல்லூரி இருந்தது. அரசு உதவி பெறுவது, கயலுக்கு முதலிலிருந்தே அதன் மேல்தான் ஆசை. சுவர் பெயர்ந்த காலேஜ் என்று அதையும் கொழுந்தனார் வாயாலேயே இடித்துத் தள்ளினார். கணவர் போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அண்ணன் என்ன சொல்கிறார்? அண்ணனோ ஊரிலேயே இல்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கயல் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். தீயை வைத்துவிட்டு ஓடிவிட்டாரே பாவி மனுஷன் என்று நான் வைத வசவுக்கு அவருக்குப் புரை ஏறியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை என் கணவரும் கொழுந்தனாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வந்து நின்றார். அந்தப் பழைய கல்லூரிக்குத் தனியாகப் போயிருக்கிறார். உளவியல் துறையில் இருந்த பேராசிரியை அம்மாவிடம் சாம்பிள் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கோபிக்கவில்லையாம். காகிதத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்து, கையை ஓர் அட்டையால் மறைத்து, எதிரே இருக்கும் கண்ணாடியை மட்டும் பார்த்து அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டச் சொன்னார்களாம்.

"மேல போன்னா கீழ போகுது. என் கைதான் தாயி, என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. கண்ணு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுது, ஏன் அப்படின்னு அந்தம்மா பொறுமையாச் சொன்னாக. நான் சாப்பாட்ட மறந்து உக்காந்துட்டேன்."

அதனால் என்ன என்று கொழுந்தனார் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அண்ணன் எங்கள் சுவரிலிருந்த கண்ணாடியை ஆணியோடு பிடுங்கி, காலண்டர் தாளைக் கிழித்து, நட்சத்திரம் போட்டு, அவர் கையில் பென்சிலைக் கொடுத்து, மேலே ஒரு முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். கொழுந்தனார் பென்சிலை இழுத்த இழுப்பில் தாள் கிழிந்தது. வேர்த்து வழிந்தது. என் கணவரும் உட்கார்ந்து பார்த்துத் தோற்றார்.

"ஒரு நச்சத்திரத்தச் சுத்திவரத் துப்பில்ல," என்றார் அண்ணன் கொழுந்தனாரிடம். "நீ இந்தப் புள்ள போற பாதைக்குக் கோடு போட வந்துட்ட." பிறகு என் கணவரிடம் திரும்பினார். "ஃபீஸு நம்மளால கட்ட முடியிற ஃபீஸுதான் மாப்ளே. சொவருதான் பேந்திருக்கு. வாத்திமாரு குறையாம இருக்காக. வெரசா அனுப்பி விடு."

கயலுக்கு இடம் கிடைத்தது. சேர்க்கும் நாளிலும் அவர் வந்தார், கூப்பிடாமலேயே. ஹாஸ்டல் அலுவலகத்தில் இருந்தவர், கூட வந்திருப்பவர் என்ன உறவு என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் அண்ணன் அதற்கு விழித்தார். எதிர்வீடு என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "தாய்மாமா" என்றாள் கயல். அதற்கு முன் அவள் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவளை விட்டுவிட்டு நாங்கள் பஸ்சில் திரும்பினோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் உசிலம்பட்டி தாண்டியும் வாய் திறக்கவில்லை. கண்டக்டர் அவர் காலை மிதித்துக்கொண்டு போனான். அவர் காலை மடக்கி வழிவிட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. யாரிடமாவது ஒரு சண்டை போட்டுத் தொலைக்க மாட்டாரா என்று இருந்தது.