கடல் ராணிக்குப் பத்து நகம்

"பார்லர் ரத்து. விருந்து ஆறு மணி. நகம் பாக்கி," என்றார் மாமனார்.

பெயின்டர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "அவ்வளவுதானா சொன்னா?" என்று கேட்டார்.

"கால் மணி நேரம் சொன்னா. நான் சுருக்கியிருக்கேன்."

மாமனார் தந்தி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். தந்தி ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டு ஒழியவில்லை. மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு நான்காவது வார்த்தை போட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது. ஐந்து நாளாகக் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே அவர்தான் தந்திக் கம்பி. மகள் சமையலறையில் பேசுவாள். அவர் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மருமகனிடம் சேர்ப்பார்.

பேச்சு நின்றுபோனதற்குப் பெயின்டரின் வாய்தான் காரணம். மச்சினன் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "காருக்குப் பெயின்ட் அடிக்கிறது ஒரு கலை. கை நூலளவு நடுங்கக் கூடாது. இவ வேலை அப்படியா? வண்டிப் பதிவு ஆபீஸ்ல நாள் பூரா முத்திரை குத்தறா. அதுக்குக் கைகூட வேணாம், ஒரு சுத்தியல் போதும்" என்று எடுத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி எழுந்து போய்க் கை கழுவினாள். அன்றோடு சரி.

இன்று அவளுடைய ஆபீஸில் மாறுவேட விருந்து. அவள் கடல் ராணி. ஒரு மாதம் உட்கார்ந்து தானே தைத்த பச்சை கவுன் தயார், அட்டை கிரீடம் தயார். மீன் செதில் மாதிரி நகம் போட்டால் வேஷம் முழுசாகிவிடும். அதற்குத்தான் பார்லர். அந்தப் பார்லர்தான் இப்போது ரத்து.

பெயின்டர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஐந்து நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இதை விட்டால் வேறு வழி கிடையாது. நகம் நன்றாக அமைந்தால் பேசுவாள். சொதப்பினால் ஆயுசு முழுக்கத் தந்திதான்.

"மாமா, போய்ச் சொல்லுங்க. பதினெட்டு வருஷமா நசுங்கின காரையெல்லாம் பளபளன்னு ஆக்கியிருக்கேன். பத்து நகம் எனக்கு எம்மாத்திரம்? நானே போட்டு விடறேன்."

மாமனார் போனார், வந்தார். "சரியாம். கை கழுவணுமாம்."

சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்து மனைவியை உட்கார வைத்தார். அவள் பத்து விரலையும் நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரு கண்ணை மூடி, குனிந்து, வெளிச்சத்தில் நகங்களின் வளைவைப் பார்த்தார். கார்க் கதவை அப்படித்தான் பார்ப்பார். அடி சரியில்லாத கதவில் எந்தப் பெயின்டும் நிற்காது என்பது அவருடைய வேதவாக்கு. ஆகவே உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலில் நாலு இழுப்பு இழுத்தார்.

மனைவி அப்பாவின் பக்கம் திரும்பி ஏதோ பொரிந்து தள்ளினாள். எதிரில் உட்கார்ந்திருந்த கணவன் காதில் அத்தனையும் விழுந்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"கார் இல்லை. மனுஷி," என்று மாமனார் சேர்ப்பித்தார்.

உப்புத்தாள் ஓரம் போயிற்று. விரலைச் சுற்றி டேப் ஒட்டினார். பிரஷ்ஷால் பூசுவது கத்துக்குட்டி வேலை என்று பட்டறையிலிருந்து சின்ன ஸ்ப்ரே துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நகப்பூச்சு அதற்குக் கெட்டி. நகப்பூச்சை அழிக்கும் ரிமூவரில் பாதிப் பாட்டிலை ஊற்றி இளக்கினார். செதிலுக்கு என்ன செய்வது என்று யோசித்து, வெங்காயம் வந்த வலைப்பையை வெட்டி ஒரு விரலுக்கு மேல் இழுத்துப் பிடித்து அடித்தார். வலையை எடுத்தால், அடடா, நீல நகத்தில் பச்சைச் செதில் வரிவரியாக உட்கார்ந்திருந்தது. மனைவியே ஜன்னலை மறந்து ஒரு நொடி குனிந்து பார்த்தாள்.

அந்த ஒரு நொடி அவருக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு விரலாகச் செய்தால் விடிந்துவிடும் என்று மீதி ஒன்பதையும் ஒரே வலையில் கட்டி ஒரே வீச்சில் அடித்தார். காய்ந்த பிறகு அவிழ்த்தால் வலையோடு சேர்ந்து வண்ணமும் உரிந்து வந்தது. வலையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோல் மட்டும் நாலு நகத்தில் தங்கிவிட்டது.

"செதில் கேட்டாள். தோல் வந்தது," என்றார் மாமனார். இது யாரும் சொல்லி அனுப்பாத செய்தி.

பெயின்டர் அசரவில்லை. மீதி ரிமூவரை மொத்தமாகச் சாய்த்து ஒன்பது நகத்தையும் துடைத்தார். அது மேஜையில் வழிந்து மேஜைப் பாலிஷையும் கூடவே துடைத்துக்கொண்டு போயிற்று. பரவாயில்லை, மேஜையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி வலை கட்டினார். இந்த முறை ஒவ்வொரு விரலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடிக்கும்போது மணி ஐந்தே கால். சீக்கிரம் காயட்டும் என்று முடி உலர்த்தும் மெஷினை எடுத்து வேகமாக வைத்தார். கிரீடத்துக்குப் பூசியது போகத் தட்டில் மிச்சமிருந்த வெள்ளி மினுக்குத் தூள் அறை முழுக்கப் பறந்தது.

"மீசை வெள்ளி. மற்றபடி நலம்," என்று கண்ணைக் கசக்கினார் மாமனார்.

உண்மையைச் சொன்னால், தூள் படிந்த நகம் முன்பைவிட அழகாக இருந்தது. நிஜ மீன் இப்படி மின்னாது. ஆனால் தூள் மூக்கில் ஏறி மனைவி போட்ட தும்மலில் கை மேஜை விளிம்பில் மோதி, மோதிர விரல் நகம் பாதியாக உடைந்தது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயின்டர் குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கினார். "அழாதம்மா. நான் இருக்கேன்ல," என்றார். அவர் இருப்பதுதானே பிரச்சினை என்று அவள் சொல்லவில்லை, பார்த்தாள். வீட்டில் ஒட்டுநகம் ஒரு பாக்கெட் இருந்தது, கூடவே கடுகத்தனை பசைக் குழாய். இத்தனூண்டு பசை எதற்கு ஆகும் என்று முழுசாகப் பிதுக்கி நகத்தை வைத்தார். பம்பர் ஒட்டும்போது அறுபது எண்ணுகிற வரை அழுத்திப் பிடிப்பது பட்டறை வழக்கம். அதே மாதிரி அறுபது எண்ணினார்.

நகம் உறுதியாக ஒட்டியிருந்தது. அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைவிட உறுதியாக அவள் விரலோடு ஒட்டியிருந்தன.

இழுத்தால் அவளுக்கு வலித்தது. ரிமூவர் பாட்டிலில் சொட்டு இல்லை. சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா என்றார். மாமனார் மகளிடம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஊறினால் பத்தும் போச்சு. கடைக்குப் போனால் விருந்து போச்சு."

"அப்ப நான் கூடவே வரேன். விருந்து முக்கியம்," என்றார் பெயின்டர். ஒட்டிய கையோடு சட்டை மாற்ற முடியவில்லை. பட்டறைச் சட்டை, தோளில் வலைப்பையின் மிச்சம் என்று அப்படியே கிளம்பினார். அவள் கவுனை எப்படி மாட்டினாள் என்பதைக் கேட்காதீர்கள், அது தோளில் முடிச்சுப் போடுகிற கையில்லாத கவுனாக இருந்ததால் பிழைத்தார்கள்.

மூன்று தெரு நடக்க வேண்டும். கடல் ராணியும் பெயின்டரும் கை பிடித்துக்கொண்டு முன்னால், வெள்ளி மீசையோடு மாமனார் பின்னால். இரண்டாவது தெருவில் பெயின்டர் பின்னால் திரும்பினார்.

"மாமா, அவகிட்ட சொல்லுங்க. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. உங்க பையன் வீட்டுல அத்தனை பேர் முன்னாடி பேசினது அதைவிடத் தப்பு. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு எனக்கும் பெருமையா இருந்தது, அதுதான் ரொம்ப அசிங்கம். அவ மூஞ்சிய அப்பவே பார்த்தேன். பார்த்தும் வாயை மூடல."

மாமனார் இரண்டு எட்டு முன்னால் வந்து மகளிடம், "தப்பு. வருத்தம்," என்றார்.

"மாமா, இதையாவது சுருக்காதீங்க."

மாமனார் யோசித்தார். பிறகு மருமகன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அசிங்கம் உள்பட, அப்படியே ஒப்பித்தார். முப்பத்தொரு வருஷ வேலையில்கூட அவர் இவ்வளவு நீளமான செய்தி அனுப்பியதில்லை. மனைவியின் நடை வேகம் கொஞ்சம் குறைந்தது.

ஆபீஸ் வாசலில் கடற்கொள்ளைக்காரன் வேஷத்தில் நின்ற மேலதிகாரி இவர்களைப் பார்த்ததும் கை தட்டினார். "பிரமாதம். கடல் ராணி தனியா வரல, வலைபோட்டுப் பிடிச்ச ஆளோட வந்திருக்காங்க." ஆளாளுக்கு வந்து நகத்தைப் பார்த்தார்கள். யார் போட்டது என்று கேட்டார்கள். மனைவி ஒட்டியிருந்த கையை உயர்த்திக் காட்டினாள்.

மேலதிகாரி பெயின்டர் பக்கம் திரும்பினார். "இந்த விரலைப் பத்திரமா பார்த்துக்கங்க சார். காகிதத்தைத் தடவிப் பார்த்தே முத்திரை போலியா நிஜமான்னு சொல்லிடுவாங்க. மெஷின் விட்டதைக்கூட இவங்க பிடிச்சிருக்காங்க. போன வருஷம் திருட்டுக் கார் பதினாலு அப்படித்தான் மாட்டுச்சு."

பெயின்டர் பதினெட்டு வருஷமாகக் கார்களைத் தடவுகிறவர். தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அவள் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மூலையைப் பார்த்தார்.

மூலையில் ஒரு மேஜை. வேஷம் போடாமல் வந்தவர்களுக்கு முகத்தில் வண்ணம் பூச ஆபீஸ் ஒரு ஆளை ஏற்பாடு செய்திருந்தது. அந்த ஆள், மனைவி வழக்கமாகப் போகிற அதே பார்லர்க்காரி.

அவருக்கு இருந்த அவமானமெல்லாம் ஆத்திரமாகத் திரும்பியது. இவளால்தானே இத்தனையும். மனைவி பாவம், எத்தனை பாடுபட்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு மேஜைக்குப் போனார்.

"விடுங்க. வேணாம், வாங்க போலாம்," என்றாள் மனைவி. ஐந்து நாளில் அவரிடம் நேராக அவள் பேசிய முதல் பேச்சு அது. கோபத்தில் அவர் கவனிக்கவில்லை.

"ஏம்மா, கடைசி நேரத்துல எங்களைக் கைவிட்டுட்டு இங்க வந்து பூசிட்டு இருக்கீங்களா? உங்களால எங்க கதி என்ன ஆச்சு பாருங்க," என்று ஒட்டிய கையைத் தூக்கி நீட்டினார்.

பார்லர்க்காரி பதறவில்லை. பையிலிருந்து ரிமூவரை எடுத்துப் பஞ்சில் நனைத்து, விரல் இடுக்கில் மெல்ல ஒற்றியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா? நேத்து உங்க வீட்டம்மாதான் போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. கோவத்துல பேச்சை நிறுத்திட்டேன், இப்ப என்னால அவரோட பேசாம இருக்க முடியல, ஒரு நாள் பூரா என் கையைப் பிடிச்சிட்டு உட்காரட்டும்னாங்க."