திரைக்கம்பி மாட்டப்போய்த் தெருவுக்கு வந்த கதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் அநேக வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்படி எழுத வழியில்லை. இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எதிரே, தெரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பதற வேண்டாம். உங்கள் மகள் பக்கத்தில்தான், வெளியே தூக்கிவந்த தலையணைகளுக்குக் காவலாக நிற்கிறாள்.

புது வீட்டுக்குத் தாங்கள் அன்போடு அனுப்பிய, இரு முனையிலும் தாமரை மொட்டு வைத்த திரைக்கம்பிகளை, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வருவதற்குள் மாட்டிவிட வேண்டுமென்று காலையில் நானே இறங்கினேன். "ஆளைக் கூப்பிடலாம் மாமா" என்றாள் உங்கள் மகள். "முப்பது வருஷம் தபால் ஆபீசுல குப்பை கொட்டினவன், ஒரு கம்பி மாட்ட மாட்டேனா?" என்றேன். முதல் துளையிலேயே வீம்பு இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு நேர் மேலே கான்கிரீட்டாம். டிரில் மெஷின் கத்தியதே தவிரக் கடுகளவும் உள்ளே போகவில்லை. ஒரு சாண் மேலே போனால் செங்கல். அங்கே வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, துளை கட்டைவிரல் நுழையுமளவு ஆகி, திருகாணி பிடிக்கச் செருகும் பிளாஸ்டிக் பிளக் அதற்குள் விழுந்து காணாமலே போயிற்று. உங்கள் மகள்தான் பெரிய பிளக்காக வாங்கிவந்து அடைத்தாள். திரையைத் தொங்கவிட்டதும் கம்பி நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்தது. நடுவிலும் ஒரு கிளாம்பு அடிக்க வேண்டுமாம், அது பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். சரி, அதையும் அடித்தேன்.

பிறகுதான் தலையில் இடி விழுந்தது. பக்கத்துத் தச்சுப்பட்டறையில் இரவல் வாங்கிய, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்துக் கம்பியை நேராக்கினேன். குமிழி நட்டநடுவில் நிற்கிறது. கீழே இறங்கிப் பார்த்தால் ஜன்னலுக்குக் கோணல்.

"மாமா, வலப்பக்கம் ஏறியிருக்கு."

"மட்டம் பொய் சொல்லுமாம்மா?"

அடுத்த அறைக் கம்பியும் அப்படியே. சந்தேகப்பட்டு மட்டத்தைத் தரையில் வைத்தேன்; குமிழி ஓரத்துக்கு ஓடியது. சாப்பாட்டு மேஜையில் வைத்தேன், ஓடியது. சமையல் மேடையில் வைத்தேன், ஓடியது. எனக்குக் குப்பென்று வியர்த்தது. சம்பந்தி, கோணல் கம்பியில் இல்லை. வீடே சாய்கிறது!

மூன்று மாடியும் ஏறி, "எல்லாரும் இறங்குங்க, கட்டடம் சாயுது!" என்று அலறினேன். மேல்வீட்டுத் தையல்காரர் மிஷினைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி இறங்கினார். மேல்மாடியில் குடியிருக்கும் புதுமாப்பிள்ளை தலை நிறைய சோப்பு நுரையோடு தெருவில் நிற்கிறார். என் மனைவி மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை. "இருபத்தெட்டு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன். வீடு சாயறதுக்கா பயப்படப் போறேன்?" என்கிறாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டாம். ஒரு லாரி அனுப்பி, தங்கள் மாடியறையைக் காலி செய்து வைக்கவும். உங்கள் மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்ததும், உயிரோடிருந்தால், நால்வரும் அங்கே வந்து சேர்கிறோம். கொத்தனாரைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது. தங்கள் குடும்பமாவது எந்தப் பக்கமும் சாயாமல் பல்லாண்டு நிமிர்ந்து வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நடுத்தெருவில் நிற்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: லாரி வேண்டாம். வேறு தாள் இல்லாததால், மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். கொத்தனார் வந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி இடப்பக்கம் ஓடியது. "பாத்தீங்களா?" என்றேன். அதே இடத்தில் மட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. "ஐயா, தரை சாய்ஞ்சிருந்தா எப்படி வச்சாலும் ஒரே பக்கம்தான் ஓடணும். வீடு நேராத்தான் இருக்கு, இந்த மட்டம்தான் கோணல்" என்றார். தையல்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடி ஏறுகிறார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாட்டிய கம்பிகளைக் கழற்ற வேண்டாம், இன்னும் துளை போட்டால் சுவர் தாங்காது என்கிறாள் உங்கள் மகள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். திரையைப் பார்க்கும்போது மட்டும் தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டால் போதும்.