ஒரு கோலுக்கு ஐந்தாம் ஆண்டு மன்னிப்பு விழா

மார்கழி மெல்ல விடைபெற்றுக்கொண்டிருந்தது. பெருக்கெடுத்தோடிய கிள்ளான் ஆறு கரைக்குள் அடங்கி, நிறம் தெளிந்து, ஓசையின்றி நடந்தது. வைகறையில் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளின் மேல் பனியும் எஞ்சின் புகையும் கலந்து நின்றன. எது இறைவன் அருளியது, எது இரயில்வே இலாகா அருளியது என்று பிரித்தறிய முடியவில்லை. முதலில் கோயில் மணி ஒலிக்கும். பிறகு இரயில்வே பட்டறைச் சங்கு ஊதும். மணிக்கு எழுவோர் சிலர், சங்குக்கு எழுவோர் பலர். இதனால் பக்தி குறைந்ததென்று கொள்ளலாகாது. தாமதமானால் பட்டறையில் சம்பளம் பிடிப்பார்கள், முருகன் பிடிப்பதில்லை.

தைப்பூசம் நெருங்கிற்று. அதனினும் பெரிய திருநாள் ஒன்று அதற்கு முன்னரே வந்தது.

வென்றவன் விழா எடுப்பது உலக வழக்கு. தோற்றவன் விழா எடுப்பதே உயர்ந்தோர் வழக்கு. அவ்வழக்கை மலாயாவில் நிலைநாட்டிய பெருமை சன்மார்க்க உதைபந்தாட்டச் சங்கத்தையே சாரும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அச்சங்கம் துரைமார் அணியோடு பாடாங் திடலில் ஆடி, பதினொரு கோலுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. பதினொன்றைப் பற்றி எவருக்கும் வருத்தமில்லை. அந்த ஒன்றுதான் உறுத்தியது.

அதை அடித்தவன் பட்டறையில் கொதிகலன் பழுதுபார்க்கும் பழனியப்பன். "முருகா, இது உள்ள போனா உனக்குப் பால்குடம்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு உதைத்தான். பந்து உள்ளே போயிற்று. கோல் காத்த துரை சேற்றில் விழுந்தார். பின்னாளில் அவரே இலாகாவின் பெரிய துரையானார்.

சங்கத்தின் 'அவசரக் கூட்டம்' அன்றே கூடியது. "சங்கத்தில் பதிவு பெறாத ஆட்டக்காரராகிய முருகப்பெருமான் ஆட்டத்தில் தலையிட்டது வருந்தத்தக்கது" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பால்குடத்துக்கும் தடை விழுந்தது. தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. சங்கத் தலைவரும் இலாகாவின் தலைமை எழுத்தருமான பெரிய கிராணி ராதாகிருஷ்ணனே கோயில் தருமகர்த்தாவும் ஆவார்.

"பால்குடம் எதுக்குன்னு துரை கேட்டா நான் என்னப்பா சொல்றது?" என்றார் அவர்.

"வேண்டுதல்னு சொல்லுங்கய்யா."

"என்ன வேண்டுதல்னு கேப்பாரு. நீங்க சேத்துல விழுந்ததுக்குன்னு சொல்லவா? ரப்பர் விலை கெடக்குற கெடப்புல ஆளுங்களக் கொறைக்கிறாங்க. மொதல்ல துரை மன்னிக்கட்டும். அப்புறம் குடம் என்ன, அண்டாவே எடு."

ஆகவே ஆண்டுதோறும் மன்னிப்பு விழா நடந்தது. ஆண்டுதோறும் துரை வரவில்லை. அவர் படத்துக்கு மாலையிடலாமென்றால், உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலையிடுவது அபசகுனம். எனவே அவருடைய வெற்று நாற்காலிக்கு மாலையிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். நாற்காலி மன்னிக்கவில்லை.

வீட்டில் கூரை ஒழுகினாலும், மகளுக்கு இருமல் கண்டாலும், பழனியப்பனின் மனைவி தங்கமணி காரணத்தை அறிந்திருந்தாள். "சாமிக்குக் குடுத்த வாக்கப் பரண்ல போட்டு வச்சிருக்கீங்க. துரைக்குப் பயப்படுற ஆளு முருகனுக்குப் பயப்பட மாட்டேங்கிறீங்க."

சொன்ன சொல்லைக் காக்காத முகத்தைச் சந்நிதியில் காட்டக் கூசி, அவன் இத்தனை ஆண்டும் கோயில் வாசலிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பினான்.

ஐந்தாம் ஆண்டில் துரை வர இசைந்தார். ஊரெங்கும் இசைத்தட்டில் ஒலித்த நாடகப் பாட்டொன்றின் மெட்டில், செயலாளர் சபாபதி மன்னிப்புப் பாட்டு இயற்றினார்:

பதினொன்று தந்த பரந்த மனமே - எங்கள்
பாவ மொன்றை மறப்பாய் தினமே.

ஆர்மோனியம் வாசிக்கும் ரமணிக்கு ஓர் ஐயம். "அண்ணே, இது முருகன் வள்ளிகிட்டக் கெஞ்சுற மெட்டாச்சே. துரை தப்பா நெனச்சுக்கிட்டா?"

"கெஞ்சல்தானே நமக்கு வேணும்? வாசி லா."

விழா நாளன்று துரை மாலையும் எலுமிச்சம்பழமும் ஏற்று அமர்ந்தார். ரமணி கெஞ்சினான். பழனியப்பனை முன்னே தள்ளினார்கள். அவன் கைகூப்பி நிற்க, சபாபதி ஆங்கிலத்தில் மன்னிப்பை எடுத்துரைத்தார். துரை புருவத்தை நெரித்து ஏதோ கேட்டார். சபாபதி வெளுத்தார்.

"என்னய்யா சொல்றாரு?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"எந்த ஆட்டம்னு கேக்குறாரு."

"வெளக்கமாச் சொல்லுய்யா."

சபாபதி விளக்கினார். துரை வானத்தைப் பார்த்து யோசித்தார்.

"யாரு ஜெயிச்சதுன்னு கேக்குறாரு."

"அவங்கதான்னு சொல்லு."

"சொல்லிட்டேன். யாரைன்னு கேக்குறாரு."

பாட்டு இனிமையாக இருந்தது என்று பாராட்டிவிட்டுத் துரை காரேறினார்.

சங்கக் குழு அங்கேயே கூடியது. தலைவர் தொண்டையைச் செருமினார். "நெனவில்லாதத மன்னிக்க முடியாது. மன்னிப்பு வராததால பால்குடம் ஒத்திவைக்கப்படுது. மொதல்ல துரைக்கு அந்த ஆட்டத்த ஞாபகப்படுத்தணும். பத்தாம் ஆண்டு விழாவுக்குள்ள மன்னிப்பு வாங்கிடலாம்."

பழனியப்பன் எழுந்தான். "ஐயா, அவருக்கே ஞாபகம் இல்ல. அப்ப அஞ்சு வருசமா நாம யாருக்குப் பயந்தோம்?"

"அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரல்ல இல்லப்பா" என்றார் சபாபதி.

பழனியப்பன் வெளியேறினான். வீட்டுக்குப் போய்க் குளித்தான். பால்காரர் வாசுவிடம் அந்திக் கறவைப் பாலைப் பித்தளைக் குடம் நிறைய வாங்கித் தலையில் ஏற்றினான். தங்கமணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உடன் நடந்தாள்.

"மேளம் ஒண்ணும் வேணாமா?"

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

குருக்கள் தயங்கினார். "தருமகர்த்தா உத்தரவு?"

"கூட்டத்துல இருக்காரு, சாமி."

குருக்கள் அவன் முகத்தைப் பார்த்தார், குடத்தை வாங்கிக்கொண்டார். அவர் அபிஷேகம் செய்ய, சந்நிதி வேலின் இலையில் விழுந்த பால் வெண்ணூலாய் வழிந்து பீடத்தில் இறங்கிற்று. பழனியப்பன் சந்நிதியின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "தாமதமாயிடுச்சு, முருகா" என்று கல்தரையிடம் சொல்வதுபோல் சொன்னான். பிறகு எழுந்து திருநீறு பூசிக்கொண்டான்.

மழை வாழ்க. பால் சுரந்த பசு வாழ்க. வாக்கைக் காத்தவன் மனையும் மகவும் வாழ்க. அன்று சேற்றில் விழுந்து, எழுந்து, உதறிவிட்டு, அதை அடியோடு மறந்துபோன துரையும் வாழ்க. அவர் எழுந்த பின்னும் அவர் காலடியில் விழுந்தே கிடக்கும் நம் பெரியோர், அக்கிடப்புக்குப் பத்தாம் ஆண்டு விழா எடுக்குமட்டும், முதுகுவலி இன்றி நீடு வாழ்க.