தர்ஷனுக்கு அம்மா கிடைத்ததால் எழுந்த சிக்கல்

மறையூரில் கரும்புத் தோட்டங்கள் முடிந்து சந்தனக் காடு தொடங்கும் இடத்தில், அனாதைச் சிம்பன்சிகள் மறுவாழ்வு மையம் முறைப்படி இயங்கி வந்தது. மையத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார். முத்திரை இருந்தது. மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை இருந்தது. சிம்பன்சியும் ஒன்று இருந்தது.

கடத்தல்காரர்கள் பழக்கூடையில் ஒளித்துக் கொண்டுவந்தபோது பிடிபட்ட குட்டி அது. பாட்டில் பால் கொடுத்து, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து தினக்கூலிக்கு வந்த மாரீஸ்வரி. ஆனால் ஆவணப்படி அதற்குத் தகப்பன், கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரர் சிவப்பிரகாஷ். அவர்தான் ஸ்பான்சர்.

கிழக்குப் பாலக்காட்டில் அப்போது வசதியான குடும்பம் என்றால் ஏதாவது ஓர் அனாதை மிருகத்துக்கு ஸ்பான்சராக இருந்தே தீர வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்களே, "உங்களுக்கு என்னங்க, ஆனைங்களா, கரடிங்களா?" என்று விசாரித்தார்கள். சிவப்பிரகாஷ் "சிம்பன்சிங்க" என்று சொன்னதும் எதிரில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜோசியரைக் கேட்டுக் குட்டிக்குத் தர்ஷன் என்று பெயர் வைத்தார். புதுவீட்டு அழைப்புப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'அனாதைச் சிம்பன்சியின் வளர்ப்புத் தந்தை' என்று அச்சடித்தார்.

இப்படி நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டில்தான் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஆனைகட்டிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் பூட்டி வைத்திருந்த பெரிய பெண் சிம்பன்சி ஒன்றைப் போலீஸ் மீட்டு மறையூருக்கு அனுப்பியது. லாரியிலிருந்து கூண்டை இறக்கியதுதான் தாமதம், தர்ஷன் மாரீஸ்வரியின் இடுப்பிலிருந்து குதித்து ஓடினான். பெரியது கம்பிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, தாயும் பிள்ளையும்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மலையாளியான அதிகாரி ஷிஜு நெற்றியைத் துடைத்தார்.

"வலிய பிரச்சனை ஆயிப்போச்சு, மாரீஸ்வரி."

"என்ன சார் பிரச்சனை? புள்ளைக்கு ஆத்தா கெடைச்சுட்டா."

"அதுதான் பிரச்சனை. தாய் இருந்தா அனாதை இல்லை. அனாதை இல்லைன்னா இங்கே நிக்க அனுமதி இல்லை. அது போனா மையம் எதுக்கு? மையம் இல்லைன்னா நான் எதுக்கு?"

விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. உத்தரவு உடனே வந்தது. இறுதி முடிவு எட்டப்படும் வரை, குட்டியின் அனாதை நிலைக்கு யாதொரு சேதமும் ஏற்படாவண்ணம் இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும். கூண்டுக்கு நடுவே பலகை அடித்தார்கள். தாய் அந்தப் பக்கம் பலகையைத் தட்டியது. பிள்ளை இந்தப் பக்கம் சுருண்டு படுத்து, பாலைத் தொட மறுத்தது.

மாரீஸ்வரி வாழைப்பழத்தை மசித்து விரலில் வைத்துப் பார்த்தாள். தர்ஷன் வாயைத் திறக்கவில்லை. "செத்துருவான் சார்," என்றாள்.

"சாகிறதுக்கு முன்னாடி மறுபடி எழுதிக் கேப்போம்," என்றார் ஷிஜு.

சிவப்பிரகாஷ் அப்போதுதான் மனைவி ஜீவிதாவையும் போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு, தர்ஷனின் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து இறங்கினார். செய்தி கேட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், அம்மா வந்துட்டா, என்ர வளர்ப்புத் தந்தைப் பட்டம் என்னாகுங்க? பத்திரிகை ஊரெல்லாம் குடுத்தாச்சுங்களே!"

"பட்டம் போகும்."

மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "புள்ள உசுரு போகுது, பட்டத்தைப் பேசுதீக! ஆத்தா இருக்கான்னு அவனைப் பிரிச்சீக. அந்தப் பெரியவளுக்கு மட்டும் அப்பன் ஆத்தா யாரு இருக்கா? அவளும் அனாதைதானே!"

ஷிஜு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் அரசாங்க ஞானம் பரவியது.

"அப்படி வா! பெரியதும் அனாதை. அனாதை, மையத்தின் பாதுகாப்பில் இருக்கிற ஜீவன். தன்னையே பாதுகாக்க முடியாதது இன்னொன்றுக்குப் பாதுகாவலர் ஆக முடியாது. ஆகவே அது தாயாக இருந்தாலும் சட்டப்படி தாய் இல்லை. ஆகவே தர்ஷன் பழையபடி அனாதை!"

தலைமை அலுவலகம் இதை மெச்சி அங்கீகரித்தது. பலகையைப் பிரித்தார்கள். தர்ஷன் ஒரே தாவலில் தாயின் மடியில் விழுந்து, முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாரீஸ்வரி இரண்டுக்கும் பழம் ஊட்டினாள். இரண்டும் தின்றன.

பெரிய அனாதைக்கும் ஸ்பான்சர் வேண்டுமல்லவா? ஜீவிதா கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு சிவப்பிரகாஷுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, நான் தர்ஷனுக்கு அப்பன். இவ தர்ஷனோட அம்மாளுக்கு அம்மா. அப்ப இவ எனக்கு...?"

"ரிக்கார்டுப்படி மாமியார்," என்றார் ஷிஜு.

ஜீவிதா அதை ரசித்தாள். வீடு போய்ச் சேரும் வரை அவரிடம் மாமியார் குரலிலேயே பேசினாள்.

கதை இங்கே சுகமாக முடிந்திருக்கும். ஆனால் நல்ல விதி ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சும்மா விடுவது அரசாங்கத்துக்கு வழக்கமில்லை. அனாதை எவரும் பாதுகாவலர் ஆக முடியாது என்பது பொது உத்தரவாகவே வெளிவந்தது. மையத்துக்கு ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஷிஜுவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"அப்பா, அம்மா?"

"ரெண்டு பேரும் காலமாயிட்டாங்க சார்."

"உனக்கு எப்படிம்மா?" என்று மாரீஸ்வரி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் இல்ல சார். சின்னதுலயே போயிட்டாக," என்றாள் மாரீஸ்வரி.

மேலதிகாரி உண்மையாகவே வருந்தினார். இருவரின் வேலையும் அன்று மாலையே ரத்தானது. ஆனால் அரசாங்கம் அனாதைகளைத் தெருவில் விடாது. மையத்திலேயே உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. தங்க அறை, வேளைக்குப் பழம், பால். சம்பளம் கிடையாது, ஸ்பான்சர் வைத்துக்கொள்ளலாம்.

மாரீஸ்வரிக்கு முதல் வாரமே ஆள் கிடைத்துவிட்டது. தாயும் பிள்ளையும் எந்நேரமும் அவள்மேல் ஏறிக் கிடப்பதால் போட்டோ நன்றாக விழுகிறது. ஷிஜு சாருக்குத்தான் இன்னும் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் அவர் முன்னால் நின்று, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரு கை கிய்யெல்லாம் தட்டுவாருங்களா?" என்று கேட்கிறார்கள்.

தர்ஷன் அழகாகத் தட்டுவான். சார் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார்.