ஓர் உலை பார்வையிடப்பட்ட வரலாறு

உலக விஞ்ஞான வரலாற்றில் வெப்பத்தை முதன்முதலாக மரியாதையுடன் நடத்திய நிறுவனம் எங்களுடையதே என்பதை, வாசகப் பெருமக்களின் அனுமதியுடன், பணிவன்போடு தெரிவித்துக்கொள்கிறேன். அதன் மக்கள் தொடர்பு அலுவலர் என்ற முறையில் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. தகுதி உண்டா என்பதைப் பெரியோர் தீர்மானிக்கட்டும்.

நாங்கள் மீகடத்தி நாடா தயாரிக்கிறோம். மெல்லிய உலோகப் பட்டையின்மேல் கறுப்புப் பீங்கான் போன்றதொரு பூச்சு. திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால், மின்சாரம் சிறிதும் வீணாகாமல் அதில் ஓடும். அதாவது, ஓடவேண்டும். அதற்கு முன் நாடா உலைக்குள் நன்றாகக் காய்ந்து, ஆக்சிஜனை உறிஞ்சியபடி மெல்ல மெல்ல ஆறவேண்டும். ஆறி முடியும்வரை உலைக்கதவைத் திறக்கக் கூடாது.

"கூடாது" என்பது உலைப் பிரிவின் ஆய்வாளர், நாங்கள் உலையக்கா என்று அழைக்கும் அம்மையாரின் கருத்து. வளர்ச்சி என்பது கண்ணால் காணத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது இயக்குநர் அவர்களின் கொள்கை. ஆகவே விருந்தினர் எவர் வந்தாலும் கதவு "மரியாதை நிமித்தம்" திறக்கப்படும்.

"சார், தொறந்து தொறந்து பாத்தா பூச்சு வெடிச்சிரும்."

"ஒரு நிமிஷந்தானேம்மா. எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்து போத்திப் படுத்திருக்கீங்கன்னு வைங்க. வர்றவன் போறவனெல்லாம் போர்வையத் தூக்கிப் பாத்தா எப்படி இருக்கும்?"

"நலம் விசாரிக்க வந்திருக்காங்களேன்னு சந்தோஷப்படுவேன்," என்றார் இயக்குநர். அந்தப் பெருந்தன்மையில் நான் நெகிழ்ந்துபோனேன்.

நாடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காரணம் அறிய "உயர்மட்டக் குழு" அமைக்கப்பட்டது. குழு உலையைத் திறந்து பார்த்தது. அந்த நாடாவும் வெடித்தது. கண்காணிப்புப் போதவில்லை என்று முடிவுசெய்த குழு, உலைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்காணிப்பு மையம் கட்டப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே தலைமை அலுவலகம் பொறுமையிழந்தது. அடுத்த சோதனைக்கு ஒரு முழு நாடாவாவது வந்து சேராவிட்டால் உலைப் பிரிவு மூடப்படும். உலையக்கா வீட்டுக்குப் போகலாம். அவருடைய கணவர், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவரைப் போல, அடிக்கடி தொலைபேசியில் "என்ன, ஆச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

உலையக்கா ஒரு காரியம் செய்தார். உலையில் புதிய நாடாவை வைத்து, கதவில் "பழுது" என்றொரு பலகையை மாட்டினார்.

பழுதான எந்திரத்தை எங்கள் நிறுவனத்தில் எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்தால் சரிசெய்யும் பொறுப்பு வந்து சேர்ந்துவிடும். விருந்தினர்கள் தோட்டத்தைக் காண அழைத்துச் செல்லப்பட்டனர். இயக்குநர் அவர்கள் அந்த வராந்தாவில் நடப்பதையே நிறுத்திக்கொண்டார். உலை தன் போக்கில் காய்ந்தது. தன் போக்கில் ஆறியது.

நாடா வெளியே வந்தது, கீறலே இல்லாமல், இருட்டுக் கண்ணாடி போல. உலையக்கா அதை நைட்ரஜனில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினார். ஓடியது!

"ஆச்சுங்க!" என்று கணவரிடம் கத்தினார். "சுகப்பிரசவம்! நாளைக்குச் சோதனைக்கு அனுப்பிருவேன்."

மறுநாள் கண்காணிப்பு மையத்தின் திறப்பு விழா. எல்லாம் வந்திருந்தன, ரிப்பன் மட்டும் வரவில்லை. எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. இயக்குநர் அவர்கள் மட்டும் கலங்கவில்லை.

"நாம தயாரிக்கிறதே நாடா. இதுக்குப் போய்க் கடையில ரிப்பன் வாங்குவாங்களாய்யா?" என்றவர், உலையக்காவின் மேசையிலிருந்த சுருளை எடுத்துவரச் செய்தார். வாசலின் குறுக்கே அது கட்டப்பட்டது. உள்ளபடியே கம்பீரமாக இருந்தது.

நாடாவை வைத்தனுப்பப் பெட்டி தேடப் போயிருந்த உலையக்கா, பெட்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"சார்! வெட்டாதீங்க சார்! அது சோதனைக்குப் போற நாடா! இருக்கிறதே அது ஒண்ணுதான்!"

"பதறாதீங்கம்மா," என்றார் இயக்குநர், கத்தரிக்கோலை விரித்தபடி. "சரியா நடுவுலதான் வெட்டுவேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கும்."

முழு நாடா எதுவும் வராததால் உலைப் பிரிவு மூடப்பட்டது. ஒரு நல்ல நாடா எப்படித் துண்டானது என்று தலைமை அலுவலகம் விசாரித்தபோது, விழாவுக்கு வந்திருந்த அனைவரும் எதையும் பார்க்கவில்லை என்று ஒரே குரலில் சொன்னோம். அது உண்மையும்கூட. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.